‘கசின்’ என்ற கட்டத்தில் தமிழில் எதை எழுதுவது? உறவுமுறைச் சொற்கள் பற்றிய ஒரு கேள்வி

கிளைவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாட்டனாரின் பாட்டனார் தொடங்கி இன்றைய குழந்தைகள் வரை எங்கள் குடும்பத்தின் கிளைகளை ஒரே வரைபடமாகத் தொகுத்து வருகிறேன். பெயர்களும் ஆண்டுகளும் பெரும்பாலும் கிடைத்துவிட்டன. சிக்கல் சொற்களில்தான் இருக்கிறது. நான் பயன்படுத்தும் செயலியில் ஒருவரின் பெயரைத் தொட்டால் அவர் எனக்கு என்ன உறவு என்பதைக் காட்டும். ஆனால் பெரியப்பா மகள், அத்தை மகள், சித்தி மகன், மாமன் மகன் ஆகிய நால்வரையும் அது ‘கசின்’ என்ற ஒரே பெயரால் குறிக்கிறது. அந்தக் கட்டத்தில் தமிழில் எதை எழுதலாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டபோது, பெரியப்பா மகளுக்கு ‘அக்கா’ என்றுதான் எழுத வேண்டும் என்று ஒருவரும், அப்படி எழுதினால் உடன்பிறந்த அக்காவிலிருந்து எப்படிப் பிரித்தறிவது, ‘ஒன்றுவிட்ட அக்கா’ என்று எழுது என்று மற்றொருவரும் சொன்னார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் குடும்பத்தில் சிலர் எனக்கு இரண்டு வழிகளில் உறவினர். என் அத்தை மகளை என் தாய்வழியில் ஒருவர் மணந்திருக்கிறார். அவரை எந்த வழியைக் கொண்டு குறிப்பது? பிற மொழிச் சூழலில் வளரும் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் யாரை எப்படி அழைப்பது என்று கற்றுக்கொள்ளப் போகிறார்கள். ஆகவே பொறுப்பாகச் செய்ய விரும்புகிறேன். அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பொருநை எழுதியது:

உங்கள் பெரியவர்கள் இருவரும் சொன்னது சரிதான். ஒருவர் அழைக்கும் சொல்லைச் சொல்கிறார், மற்றவர் விவரிக்கும் சொல்லைச் சொல்கிறார். பெரியப்பா மகளை யாரும் ‘ஒன்றுவிட்ட அக்கா’ என்று கூப்பிடுவதில்லை. மூன்றாமவர் ஒருவர் ‘அவர் உங்கள் கூடப் பிறந்தவரா?’ என்று கேட்கும்போதுதான் ‘ஒன்றுவிட்ட’ என்ற அடை வாய்க்கு வருகிறது. வரைபடத்தில் முதன்மைச் சொல்லாக ‘அக்கா’ என்றே எழுதிவிட்டு, அதன் கீழே ‘பெரியப்பா மகள்’ என்று வழியைக் குறிப்பிடுங்கள்.

‘கசின்’ என்ற ஒற்றைச் சொல் தமிழில் ஏன் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுமானால் ஓர் அடிப்படை விதியைச் சொல்லிக் கொடுத்தால் போதும். அப்பாவின் ஆண் உடன்பிறப்புகள் அப்பாக்கள், அதாவது பெரியப்பா, சித்தப்பா. அம்மாவின் பெண் உடன்பிறப்புகள் அம்மாக்கள், அதாவது பெரியம்மா, சின்னம்மா அல்லது சித்தி. அப்பாக்களின் பிள்ளைகளும் அம்மாக்களின் பிள்ளைகளும் நமக்கு உடன்பிறப்புகள். ஆகவே அவர்கள் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. ஆனால் அப்பாவின் சகோதரி அத்தை. அம்மாவின் சகோதரர் மாமா. அவர்களுடைய பிள்ளைகள் உடன்பிறப்புகள் அல்லர். மைத்துனர், மைத்துனி, மச்சான், அத்தான் என்று வழங்கும் மணமுறைக்கு உரியவர்கள். உறவின் தொலைவில் நால்வரும் ஒரே படியில் நின்றாலும், தமிழ் அவர்களை நடுவே ஒரு கோடிட்டு இருபுறமும் பிரித்து வைக்கிறது.

இந்த விதியின் சிறப்பு, அது எத்தனை தலைமுறை தள்ளியும் செல்லும் என்பதுதான். பாட்டனாரின் தம்பி மகன் என் அப்பாவுக்குத் தம்பி முறை. ஆகவே எனக்குச் சித்தப்பா. அவர் மகள் எனக்குத் தங்கை. ஆணொருவனுக்குத் தன் அண்ணன் தம்பியரின் பிள்ளைகள் மகன், மகள். அக்காள் தங்கையரின் பிள்ளைகள் மருமகன், மருமகள். பெண்ணுக்கு இது அப்படியே தலைகீழாக அமையும். மகளை மணந்தவருக்கும் சகோதரியின் மகனுக்கும் ‘மருமகன்’ என்ற ஒரே சொல் ஏன் பொருந்துகிறது, மாமனாரும் தாய்மாமனும் ஏன் ‘மாமா’ ஆகிறார்கள் என்பதெல்லாம் இந்த ஒழுங்கை அறிந்தால் தாமே விளங்கிவிடும்.

இது தமிழுக்கு மட்டும் உரிய ஒழுங்கன்று. லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் உலக மக்களின் உறவுப் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டபோது, வட அமெரிக்காவின் செனெகா மக்களுடைய சொற்களும் தமிழரின் சொற்களும் ஒத்த ஒழுங்கில் அமைந்திருப்பதைக் கண்டு பெரிதும் வியந்தார். தொலைவான உறவுகளைக் கணக்கிடும்போது இரண்டும் பிரிந்துவிடுகின்றன என்பதைப் பின்வந்த அறிஞர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆயினும் உலகில் ஒருவகை உறவு ஒழுங்குக்கே ‘திராவிட முறை’ என்று மானிடவியலார் பெயரிட்டு வழங்குகிறார்கள்.

செம்மண் எழுதியது:

பொருநையின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. பேச்சில் இன்று எல்லோரும் ‘கசின்’ என்கிறார்கள் என்றால், அந்தச் சொல் செய்யும் வேலையைச் செய்யத் தமிழில் ஒரு சொல் தேவைப்படுகிறது என்றுதான் பொருள். நாளிதழ்கள் ‘ஒன்றுவிட்ட சகோதரர்’ என்று எழுதுகின்றன. மாமன் மகனை அப்படி எழுதினால் அது முறைப்படி தவறு என்று நாம் சொல்லலாம். ஆனால் செய்தியாளருக்குக் கிடைத்த தகவலில் அவர் பெரியப்பா மகனா, மாமன் மகனா என்பதே இருக்காது. வழி தெரியாதபோது எழுத ஒரு பொதுச்சொல் வேண்டாமா? ‘உறவுச் சகோதரர்’ போன்ற ஒன்றை இங்கேயே முடிவு செய்து நாம் பயன்படுத்தத் தொடங்கலாம் என்பது என் கருத்து.

ஏடுதேடி எழுதியது:

செம்மண் அவர்களே, பொதுச்சொல் வேண்டும் என்ற தங்கள் தேவை நியாயமானதே. வழி தெரியாத இடத்தில் ‘உறவினர்’ என்றாலே போதும் என்று கருதுகிறேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாத சொல் அது. ஆனால் உறவுப் பெயர்களைப் பொதுமைப்படுத்துவதில் எனக்குள்ள தயக்கம் வேறிடத்திலிருந்து வருகிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தாருங்கள்.

தொல்காப்பியம் பெயர்ச்சொற்களை வகைப்படுத்தும்போது இயற்பெயர், சினைப்பெயர் ஆகியவற்றுடன் ‘முறைப்பெயர்’ என்பதைத் தனி வகையாகவே வைக்கிறது. தந்தை, தாய், மகன் போன்றவை இவ்வகையில் அடங்கும். ஒருவருடைய பெயர் யார் அழைத்தாலும் மாறுவதில்லை. முறைப்பெயரோ அழைப்பவரைப் பொறுத்து மாறும். ஒரே பெண் ஒருவருக்கு மகள், ஒருவருக்கு மதினி, ஒருவருக்கு அத்தை. ஆகவே ‘யாருக்கு?’ என்ற கேள்விக்கு விடை இல்லாமல் முறைப்பெயர் நிற்க முடியாது.

பழந்தமிழ் இந்த விடையைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருந்தது. குறுந்தொகையின் 40ஆம் பாட்டு நம் அனைவருக்கும் மனப்பாடம்: ‘யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’. இதில் யாய் என்பது என் தாய். ஞாய் என்பது உன் தாய். அவனுடைய அல்லது அவளுடைய தாய்தான் ‘தாய்’. அவ்வாறே எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை, தந்தை பிறனுடைய தந்தை. எம்பி, நும்பி, தம்பி என்றும் எங்கை, நுங்கை, தங்கை என்றும் இவ்வரிசை தொடர்கிறது. ‘எவருடையவர்’ என்பதை நீக்கிவிட்டுத் தந்தை என்ற கருத்தை மட்டும் தனியே சொல்ல அன்றைய மொழியில் இவ்வரிசைக்குள் இடமே இல்லை. பின்னாளில் தன்மை, முன்னிலை வடிவங்கள் வழக்கொழிந்து படர்க்கை வடிவங்கள் மட்டும் நிலைத்தன. இன்று நாம் ‘என் தம்பி’ என்று சொல்லும்போது, சொல்லின் உள்ளே இருக்கும் ‘தம்’ நமக்குக் கேட்பதில்லை. அதனால்தான் மேலும் ஒரு ‘என்’ தேவைப்படுகிறது.

உறவினரைப் பொதுவாகக் குறிக்கும் சொற்களும் இதே வார்ப்பில் அமைந்தவையே. எமர், நுமர், தமர் என்பவை எம்மவர், உம்மவர், தம்மவர் என்று மூன்றாகப் பிரியும். உறவு என்பது ‘உறு’ என்ற வினையிலிருந்து, அதாவது சென்று பொருந்துதல், அடைதல் என்ற பொருளிலிருந்து வருகிறது. சுற்றம் என்பது நம்மைச் சூழ இருப்பவர்கள். கேளிர் என்ற சொல்லில் குருதி உறவும் நட்பும் பிரியாமல் கிடக்கின்றன. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று கணியன் பூங்குன்றனார் பாடியபோதும் அந்தப் பிரியாமையே பாட்டுக்கு வலிமை தருகிறது. திருக்குறளோ ‘தமர்’ என்பதைப் பிறப்பால் மட்டும் வருவதாகக் கொள்ளாமல், ‘பெரியாரைப் பேணித் தமராக் கொளல்’ என்று ஒருவர் முயன்று ஆக்கிக்கொள்ளும் நிலையாகப் பேசுகிறது.

வரைபடத்தில் எழுதும்போது ‘இவர் கசின்’ என்று எழுதினால், அது இருவருக்கு இடையேயான தொலைவை அளந்து சொல்லும். ‘இவர் என் மைத்துனர்’ என்று எழுதினால், நான் எங்கே நிற்கிறேன் என்பதையும் அது சேர்த்தே சொல்லும். இந்த இரண்டாவதை இழக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

வடலி எழுதியது:

யாழ்ப்பாண வழக்கிலிருந்து சில சொற்களைச் சேர்க்க விரும்புகிறேன். கிளைவழி அவர்களின் வரைபடத்துக்கு அவை நேரடியாகப் பயன்படலாம்.

பொருநை சொன்ன விதிப்படி, ஆணுக்கு அண்ணன் மகன் மகனே ஆவான். ஆனால் தான் பெற்ற மகனிலிருந்து அவனை எழுத்தில் எப்படி வேறுபடுத்துவது? எங்கள் வழக்கில் அவன் ‘பெறாமகன்’, பெண்ணாயின் ‘பெறாமகள்’, பன்மையில் ‘பெறாமக்கள்’. பெண்களுக்குத் தங்கள் அக்காள் தங்கையரின் பிள்ளைகள் பெறாமக்கள். பெறவில்லை என்பதையும் சொல்லி, மகன்தான் என்பதையும் விட்டுக்கொடுக்காத இந்தச் சொல்லைத் தமிழ்நாட்டு நண்பர்களும் எடுத்துக்கொண்டால் மிகவும் மகிழ்வேன். ‘அண்ணன் மகன்’ என்று வழியைச் சொல்வதைவிட இது நெருக்கமானது. மாமன் மகளையும் மாமி மகளையும் ‘மச்சாள்’ என்போம். தந்தையின் சகோதரியும் தாய்மாமனின் மனைவியும் எங்களுக்கு ‘மாமி’. ‘அத்தை’ என்ற சொல் எங்களிடம் பெரிதும் வழங்குவதில்லை. அப்பாவைப் பெற்றவர்கள் அப்பப்பா, அப்பம்மா. அம்மாவைப் பெற்றவர்கள் அம்மப்பா, அம்மம்மா. இவற்றில் வழியும் முறையும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

நீங்கள் தேடும் ஒழுங்கு எங்கள் மரண அறிவித்தல்களில் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. மறைந்த ஒருவரைப் பற்றி, ‘அன்னார் இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும், மைத்துனியும், சகலியும், பெரியதாயாரும், பூட்டப்பிள்ளைகளின் அன்புப் பூட்டியும் ஆவார்’ என்று ஒரே நீண்ட வாக்கியமாக எழுதுவார்கள். வெளியார் இதை வழமையான சடங்கு வாசகம் என்று எண்ணி நகர்ந்துவிடலாம். ஆனால் போரால் பல நாடுகளுக்குச் சிதறிப்போன குடும்பங்களில், எங்கோ வாழும் ஒரு பிள்ளை தனக்கு இன்னார் சித்தப்பா முறை என்பதை முதன்முதலாக அந்த அறிவித்தலிலிருந்து அறிந்துகொள்வதுண்டு. அதில் ஒவ்வோர் உறவும் மறைந்தவரை நடுவில் வைத்தே சொல்லப்படுகிறது. ஏடுதேடி ஐயா சொன்ன ‘யாருக்கு?’ என்ற கேள்விக்கு அங்கே ஒவ்வொரு சொல்லும் விடை தருகிறது.

நிழற்குடை எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் இச்சொற்களின் அழகைப் பேசியிருக்கிறீர்கள். அவற்றின் சுமையையும் யாராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மாமன் மகளுக்குத் தமிழ் வைத்திருக்கும் மற்றொரு பெயர் ‘முறைப்பெண்’. ஒரு பெண் பிறந்த அன்றே, அவள் விருப்பத்தைக் கேளாமல், இன்னாருக்கு உரிமையானவள் என்று அந்தச் சொல் அவளை நிறுத்திவிடுகிறது. உரிமை கொண்டாடுவதும், வேறிடத்தில் மணம் முடித்தால் கோபித்துக்கொண்டு உறவை முறிப்பதும் அந்தச் சொல்லின் நிழலில்தான் நடந்துவந்திருக்கின்றன. ‘முறை’ என்பது ஒழுங்கு என்று பொருநை சொல்கிறார். அது பலருக்குக் கட்டாயமாகவும் இருந்திருக்கிறது. பிற மொழிச் சூழலில் வளரும் பிள்ளைகள் ‘கசின்’ என்ற சொல்லை விரும்புவதற்கு அறியாமைதான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். அத்தை மகனைத் தன் உடன்பிறந்தவனைப்போல எண்ணி வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, அவனை ‘முறைமாப்பிள்ளை’ என்று யாரேனும் சொல்வது அருவருப்பைத் தரும். அவளுக்கு அந்தக் கோடு தேவையற்றது.

மரியாதை விகுதியையும் கவனியுங்கள். கணவனின் சகோதரி ‘நாத்தனார்’. கணவனின் தம்பி ‘கொழுந்தனார்’. மனைவியின் தங்கை ‘கொழுந்தியாள்’ அல்லது ‘மச்சினி’; மனைவியின் தம்பி ‘மச்சினன்’. ஒருபுறத்துக்கு மட்டும் ‘ஆர்’ விகுதி பெரிதும் வாய்த்திருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. மனைவி கணவனை அத்தான், மாமா, மச்சான் என்று முறை சொல்லி அழைக்க, கணவன் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்து வந்ததும் இதே கணக்கில் சேரும்.

சட்டம் இவ்விடத்தில் வேறுவிதமாகப் பேசுகிறது என்பதையும் பதிவு செய்கிறேன். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தடைசெய்யப்பட்ட உறவுகளைப் பட்டியலிடும்போது, இரு சகோதரர்களின் பிள்ளைகள், இரு சகோதரிகளின் பிள்ளைகள், சகோதரனும் சகோதரியுமான இருவரின் பிள்ளைகள் ஆகிய அனைவரையும் ஒரே வரிசையில் வைக்கிறது. தமிழ் நடுவே இடும் கோடு அந்தப் பட்டியலில் கிடையாது. வழக்காறு அனுமதித்தால் மணக்கலாம் என்று விலக்களித்திருப்பதால்தான் மாமன் மகளை மணப்பது சட்டத்துக்குள் நிற்கிறது.

பொருநை எழுதியது:

நிழற்குடை அம்மா சொல்வதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அத்தை மகனும் பெரியப்பா மகனும் வேறு வேறு பெயர் பெறுவது ஒன்று. அந்தப் பெயரைக் காட்டி ஒரு பெண்ணின் மீது உரிமை கொண்டாடுவது மற்றொன்று. ‘அத்தை மகன்’ என்பது அவன் எவ்வழியில் வந்தவன் என்பதை மட்டும் சொல்கிறது. ‘முறைமாப்பிள்ளை’ என்பதோ அவன் என்னவாக வேண்டும் என்பதைச் சொல்கிறது. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிடுவது இயலாத செயலன்று. பல குடும்பங்கள் ஏற்கெனவே அப்படித்தான் செய்து வருகின்றன. கிளைவழி தம் வரைபடத்தில் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற சொற்களை எழுதாமல் விடலாம். மச்சான், மைத்துனி என்பவற்றை எழுதலாம்.

இரண்டு வழிகளில் உறவினர் ஆனவரைப் பற்றிய கேள்விக்கு: திருமணம் புதிய முறையை உண்டாக்கினால், பொதுவாக அந்தப் புதிய முறையையே மேலாகக் கொள்வார்கள். அத்தை மகளை மணந்தவர் உங்களுக்கு அண்ணன் அல்லது தம்பி முறை ஆகிறார். அவர் தாய்வழியிலும் அதே முறையினர் என்றால் சிக்கலே இல்லை. வேறு முறையினர் என்றால் திருமண வழியை முதலிலும் பிறப்பு வழியை அடுத்தும் எழுதுங்கள். சிறுவயதிலிருந்து ஒருவரை அழைத்துப் பழகிய சொல்லை மட்டும் யாரும் எளிதில் மாற்றுவதில்லை. அதை மாற்றச் சொல்லவும் வேண்டாம்.

ஈரநிலம் எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்து வருகிறேன். எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நான் கைக்குழந்தையாகத் தத்தெடுக்கப்பட்டவள். எங்கள் குடும்பத்திலும் ஒருவர் இப்படி ஒரு வரைபடத்தைத் தொகுத்தார். அதில் என் பெயருக்கு அருகே ‘வளர்ப்பு மகள்’ என்று எழுதியிருந்தார். அவர் தீங்கு நினைக்கவில்லை. துல்லியமாக எழுத விரும்பினார், அவ்வளவே. என் அம்மா அதைப் பார்த்துவிட்டு அந்த அடையை நீக்கச் சொன்னார், நீக்கினார்கள். ஆனால் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. முறைச்சொற்கள் பிறப்பையும் திருமணத்தையும் மட்டுமே அறியுமா? என்னைப் போன்றவர்களுக்கு அவற்றில் அடைமொழி இல்லாத இடம் உண்டா?

ஏடுதேடி எழுதியது:

ஈரநிலம் அவர்களுக்கு. தங்கள் அம்மா செய்ததே முறை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டமும், தத்தெடுத்த நாள் முதல் அந்தக் குழந்தை எல்லா நோக்கங்களுக்கும் தத்தெடுத்தவர்களின் குழந்தையே என்றுதான் சொல்கிறது. பிறந்த குடும்பத்தில் யாரை மணக்கக்கூடாதோ அந்தத் தடை தொடர்கிறது. சட்டமே அடைமொழி வைக்காதபோது குடும்ப வரைபடத்துக்கு அது எதற்கு?

ஆனால் தாங்கள் கேட்டது சட்டத்தைப் பற்றியன்று, சொற்களைப் பற்றி. இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த விடை கம்பரிடம் இருக்கிறது. தன் அண்ணனை விட்டு வந்து அடைக்கலம் கேட்ட வீடணனிடம் இராமன் சொல்கிறான்: ‘குகனொடும் ஐவர் ஆனேம் முன்பு, பின் குன்று சூழ்வான் மகனொடும் அறுவர் ஆனேம், எம்முழை அன்பின் வந்த அகன்அமர் காதல் ஐய! நின்னொடும் எழுவர் ஆனேம்’. உடன்பிறந்தோர் நால்வர்; வேடனாகிய குகனைச் சேர்த்து ஐவர்; கதிரவன் மகனாகிய சுக்கிரீவனைச் சேர்த்து அறுவர்; இப்போது எழுவர். இந்த எண்ணிக்கையை மேடைதோறும் சொல்லக் கேட்டிருப்போம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது பாட்டின் இறுதிச் சொல். ‘புதல்வரால் பொலிந்தான் நுந்தை’ என்று அந்தப் பாட்டு முடிகிறது.

எந்தை, நுந்தை, தந்தை என்ற வரிசையை மேலே எழுதியிருந்தேன். இராமன் தயரதனைக் குறித்து ‘எந்தை’ என்று சொல்லியிருக்கலாம். இலக்கணத்திலும் குறையில்லை, அன்பிலும் குறையில்லை. ஆனால் அவன் ‘நுந்தை’ என்கிறான்: உன் தந்தை. வீடணன் தயரதனைத் தந்தையாக ஏற்றுக்கொள்கிறேன் என்று இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குள் தயரதன் அவனுடைய தந்தையாகிவிட்டான். இராமன் தன்னிடமிருந்து உறவை எண்ணாமல், வீடணன் இருக்கும் இடத்திற்குச் சென்று அங்கிருந்து எண்ணிக் காட்டுகிறான். ‘தம்பியைப் போன்றவன்’ என்ற உவமையும் இல்லை, அடைமொழியும் இல்லை.

குகனிடமும் இராமன் இப்படித்தான் பேசினான். ‘என் உயிர் அனையாய் நீ; இளவல் உன் இளையான்; இந்நன்னுதலவள் நின் கேள்’ என்பது அந்தப் பாட்டு. இலக்குவன் என் தம்பி, நீயும் எனக்குத் தம்பி என்று சொல்லாமல், இலக்குவன் *உன்* தம்பி என்கிறான்; சீதை *உன்* உறவினள் என்கிறான். உறவை வழங்குபவர் அதைப் பெறுபவரின் பக்கத்திலிருந்து சொல்லும்போதுதான் அது முழுமையாகக் கைமாறுகிறது என்பதைக் கம்பர் இரண்டு இடங்களிலும் அறிந்தே செய்திருக்கிறார் என்று நம்புகிறேன். தங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: முறைச்சொற்களில் தங்களுக்குரிய இடம் அடைமொழி இல்லாத இடமே. அது பழந்தமிழின் நெஞ்சிலேயே இருக்கிறது.

செம்மண் எழுதியது:

ஏடுதேடி ஐயாவின் மறுமொழியைப் படித்தபின் ஒரு தொடர்புடைய கருத்து. நாம் சாலையில் அறிமுகமில்லாத ஒருவரையும் ‘அண்ணா’ என்றும் ‘அம்மா’ என்றும் ‘ஐயா’ என்றும் அழைக்கிறோம். அதைப் பொருளற்ற உபசாரம் என்று சிலர் எழுதுவதை ஏற்க மாட்டேன். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கத் தயங்கும் ஒரு சமூகத்தில், முறைச்சொல்தான் பெயரின் இடத்தில் நிற்கிறது. அதைச் சொல்லும்போது நடத்தையிலும் ஒரு வரம்பு தானாக வந்து சேர்கிறது. ‘தம்பி, கொஞ்சம் நகர்ந்து கொள்ளுங்கள்’ என்பதற்கும் வெறுமனே ‘நகருங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்பவர் உடனே உணர்வார்.

ஆனால் எல்லா முறைச்சொற்களும் இப்படி வெளியே செல்வதில்லை. அண்ணன், அக்கா, தம்பி, அம்மா, பாட்டி ஆகியவை செல்லும். மாமாவும் அத்தையும் வயது முதிர்ந்தவர்களிடம் ஓரளவு செல்லும். நாத்தனார், ஓரகத்தி, சகலை, சம்பந்தி ஆகியவை ஒருபோதும் செல்வதில்லை. திருமணத்தால் மட்டுமே வரும் உறவுகளை அன்பினால் வழங்கிவிட முடியாது என்று மொழி கருதுகிறது போலும். பங்காளி என்ற சொல் சில வட்டாரங்களில் நண்பர்களுக்கிடையே வழங்குகிறது. சொத்தில் பங்குடையவர் என்ற அதன் அடிப்படைப் பொருளை எண்ணினால் அது வியப்பானதே.

உறவு எது என்பதற்கு ஔவையார் மூதுரையில் சொன்ன அளவுகோலையும் இங்கே சேர்க்கிறேன். நீர் வற்றிய குளத்தைவிட்டுப் பறந்துபோகும் பறவைகள் உறவல்ல. ‘கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போலவே ஒட்டி உறுவார் உறவு’. ‘உறு’ என்ற வினையும் ‘உறவு’ என்ற பெயரும் அந்த ஒரே அடியில் அடுத்தடுத்து நிற்கின்றன.

என் பொதுச்சொல் கோரிக்கையைச் செய்தி எழுதுவோருக்கு மட்டும் என்று சுருக்கிக்கொள்கிறேன். குடும்ப வரைபடத்துக்கு அது வேண்டியதில்லை.

கிளைவழி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படிச் செய்யத் தீர்மானித்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் முதல் வரியில் அழைக்கும் சொல். இரண்டாம் வரியில் வழி. அண்ணன், அக்கா என்பவற்றுக்கு முன்னால் ‘ஒன்றுவிட்ட’ வராது. அண்ணன் தம்பியரின் பிள்ளைகளுக்கு வடலி தந்த ‘பெறாமகன்’, ‘பெறாமகள்’ ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்ற சொற்கள் எங்கும் வராது. கணவர் பக்கத்து உறவுகளுக்கும் மனைவி பக்கத்து உறவுகளுக்கும் ஒரே மரியாதை வடிவத்தில் எழுதுவேன். அதாவது மைத்துனர், மைத்துனியார் என்று இருபுறமும். தத்தெடுக்கப்பட்டோர் இருவர் எங்கள் குடும்பத்திலும் உண்டு. அவர்கள் பெயருக்கருகே ‘மகன்’, ‘மகள்’ மட்டுமே இருக்கும். மேலும், வரைபடத்தை என்னை மட்டும் நடுவில் வைத்து உருவாக்காமல், எந்தப் பிள்ளை திறந்து பார்க்கிறதோ அந்தப் பிள்ளையை நடுவில் வைத்துச் சொற்கள் மாறும்படி அமைக்க முடியுமா என்று செயலி உருவாக்கியவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று மீதமிருக்கிறது. என் அண்ணியின் அண்ணன் எனக்கு என்ன முறை? வீட்டில் அவரைப் பெயருடன் ‘சார்’ சேர்த்தே அழைத்து வருகிறோம்.

பொருநை எழுதியது:

அவர் உங்களுக்கு மைத்துனர் முறை, பேச்சில் மச்சான். அண்ணனுக்கு மைத்துனர் என்றால் தம்பிக்கும் மைத்துனரே. அவருடைய மனைவி உங்களுக்கு அக்காவோ தங்கையோ ஆவார். அவருடைய மகள் உங்களுக்கு மருமகள். உங்கள் மகன் அவரை மாமா என்று அழைக்க வேண்டும். வரைபடத்தில் இப்படியே எழுதிவிடுங்கள். அடுத்த முறை அவர் வீட்டுக்கு வரும்போது ‘சார்’ என்பதை விட்டுவிட்டு ‘மச்சான்’ என்று அழைத்துப் பாருங்கள்.